ஆதாரம் கேட்காமல் கதவு திறந்து தரப்படும்

அனுப்புநர்:
பூட்டு, சாவி பழுது பார்ப்பவர்,
ஏழாம் எண் கடை,
பேருந்து நிலையத்தின் பின்வழி.

பெறுநர்:
பொறுப்பு அதிகாரி அம்மையார் அவர்கள்,
இணையவழிக் குற்றத் தடுப்புப் பிரிவு,
நகரக் காவல் அலுவலகம்.

பொருள்: என் கடையின் பெயரில் இணையத்தில் பரப்பப்பட்டுள்ள இருநூற்றுப் பன்னிரண்டு போலிப் பக்கங்களை நீக்கக் கோருவதும், தையற்காரப் பெண் தாக்கப்பட்ட வழக்கில் என் வாக்குமூலத்தைத் திருத்தக் கோருவதும் தொடர்பாக.

பார்வை: (1) மேற்படி வழக்கில் மருத்துவமனைப் படுக்கையில் நான் அளித்த வாக்குமூலம். (2) என் மீது 'முதல் பக்கம்' என்பவர் அளித்துள்ள எதிர்ப் புகார்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. நான் இருபத்தாறு ஆண்டுகளாகப் பூட்டு வேலை செய்து வருகிறேன். சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நிற்பவர்களுக்குக் கதவைத் திறந்து கொடுப்பது என் பிழைப்பு. சென்ற மாதம் மூன்றாம் தேதி காலை பதினொரு மணிக்கு நான் திறந்து கொடுத்த ஒரு கதவு வழியாக ஒருவர் உள்ளே புகுந்து, என் பையில் இருந்த என் சுத்தியலாலேயே ஒரு பெண்ணின் தாடையை உடைத்தார். அதே கதவில் என் வலது கையின் நான்கு விரல்கள் நசுங்கின. ஆகவே இம்மனுவை நான் சொல்லச் சொல்ல என் மனைவி எழுதுகிறார். அவருடைய கையெழுத்து என்னுடையதைவிட அழகு. இந்த மனுவில் வேறு நல்ல செய்தி எதுவும் இல்லை.

2. அந்த மனிதர் என் கடைப் பலகையைப் பார்த்து வந்தவர் அல்லர். அவர் தம் கைப்பேசியில் எதைத் தட்டித் தேடினார் என்பதை வழக்கை விசாரிக்கும் உதவி ஆய்வாளர் எனக்குக் காட்டினார். "ஆதாரம் கேட்காம கதவு திறக்கிறவங்க" என்று தட்டியிருக்கிறார். நல்ல எண்ணம் உள்ளவர்கள் இப்படித் தேடுவதில்லை. அவ்வாறு தேடியவருக்கு முதல் பக்கத்தில், முதல் இடத்தில், பல்லைக் காட்டிச் சிரிக்கும் என் முகத்தோடு வந்து நின்றது என் கடை.

3. அது எவ்வாறு அங்கே வந்து நின்றது என்பதைச் சொல்கிறேன். எட்டு மாதங்களுக்கு முன் நான் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். என் மைத்துனர், அதாவது இதை எழுதுபவரின் தம்பி, ஒருவரை அழைத்து வந்தார். எதைக் கேட்டாலும் "முதல் பக்கம்ணே, முதல் பக்கம்" என்பதால் கடைத்தெருவில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. அவர் என் நாற்காலியில் உட்கார்ந்து, என் தேநீரைக் குடித்துவிட்டு, "அண்ணே, நீங்க எவ்வளவு பெரிய வேலைக்காரரா இருங்க. தேடுறப்போ ரெண்டாவது பக்கத்துல வந்தீங்கன்னா செத்துப்போன ஆளு மாதிரிதான்" என்றார். நான் ஒப்புக்கொண்டேன். இந்த இடத்தில் மைத்துனரைப் பற்றி நான் சொன்ன இரண்டு வார்த்தைகளை எழுத மனைவி மறுத்துவிட்டார்.

4. ஒரே வாரத்தில் என் ஒரு கடைக்கு இருநூற்றுப் பன்னிரண்டு கிளைகள் முளைத்தன. இந்நகரின் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு பக்கம். எல்லாப் பக்கத்திலும் அதே எழுத்து, தெருவின் பெயர் மட்டும் வேறு. நாற்பத்திரண்டாம் கிளை கல்லறைத் தோட்டத்துச் சுவருக்குள் இருப்பதாக வரைபடம் காட்டுகிறது. அங்கே மாட்டிக்கொண்டவர்கள் எவரும் இதுவரை என்னை அழைத்ததில்லை. பக்கத்தின் அடியில் வெற்றிடமாகத் தெரியும் பகுதியில் விரலை வைத்து இழுத்தால் வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாக நூற்றுக்கணக்கான சொற்கள் எழும். மனிதர் கண்ணுக்குத் தெரியாமல் தேடும் இயந்திரம் மட்டும் படிப்பதற்காக அவை வைக்கப்பட்டுள்ளன. "நாலே நிமிஷத்தில் திறந்துவிட்டார், குடும்பமே நன்றி சொல்கிறோம்" என்று அறுநூறு பேர் பாராட்டியிருக்கிறார்கள். அறுநூறு பேரும் ஒரே வரியைச் சொல்கிறார்கள். இது போதாதென்று, ஊரார் பக்கங்களின் கீழெல்லாம் என் கடையின் முகவரியை ஒட்டிவைத்தார்கள். காணாமல் போன மகனைத் தேடி ஒரு தாய் எழுதியிருந்த பக்கத்தின் கீழ், "அருமையான பதிவு. பூட்டுத் திறக்க அழையுங்கள்" என்று என் பெயரில் இருக்கிறது. அந்தத் தாய் என்னை அழைத்தார். திட்டவில்லை, அழுதார். திட்டியிருக்கலாம்.

5. அந்தப் பக்கங்கள் அனைத்திலும் தலைப்புக்குக் கீழே கொட்டை எழுத்தில் உள்ள வரி இது: "பத்து நிமிடத்தில் ஆதாரம் கேட்காமல் கதவு திறந்து தரப்படும்." எனக்குத் தெரியாமல் போட்டுவிட்டார்கள் என்று எழுதினால் என் பக்கம் பலமாக இருக்கும். ஆனால் எனக்குத் தெரியும். முதல் வாரமே படித்தேன். எடுக்கச் சொன்னேன். அதற்கு 'முதல் பக்கம்', "அந்த வார்த்தையைத்தாண்ணே ஜனங்க தட்டுறாங்க. அதை எடுத்தா நீங்க பன்னெண்டாவது பக்கம். அங்க வந்து யாரு பாக்கப்போறா?" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். அந்த வாரம் பதினேழு அழைப்புகள் வந்திருந்தன.

6. வரி எப்படி இருந்தாலும் என் வழக்கத்தை நான் மாற்றமாட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். என் வழக்கம் இது. கதவைத் தொடுவதற்கு முன் எதிர் வீட்டையோ மாடி வீட்டையோ தட்டி, "இவர் இந்த வீட்டுக்காரர்தானா?" என்று கேட்பேன். ஆம் என்றால் என் குறிப்பேட்டில் அவர்களிடம் ஒரு கையெழுத்து வாங்குவேன். அதன் பிறகே பையைத் திறப்பேன். இருபத்தாறு ஆண்டுகளில் இப்போது எழுதுவது பதினொன்றாவது குறிப்பேடு. பக்கங்கள் வந்த பிறகு, கேட்டால் அடிக்க வந்தார்கள். "நெட்ல ஒன்னு போடுவ, நேர்ல ஒன்னு கேப்பியா?" என்று ஒருவர் என் குறிப்பேட்டைச் சாக்கடையில் எறிந்தார். போலிக் கிளை ஒன்றின் பெயரில் போன எவனோ ஒருவன் கதவைத் துளைத்து நாசமாக்கிவிட்டான் என்று, நான் கால் வைத்தறியாத பகுதியிலிருந்து இரண்டு சகோதரர்கள் வந்தார்கள். மூத்தவர் பேசிக்கொண்டிருக்க, இளையவர் என் கன்னத்தில் அறைந்தார். காது மூன்று நாள் ரீங்கரித்தது. மறுநாள் காலை கடையின் கண்ணாடியில் கல் விழுந்தது. அதன் பிறகு நான் கேட்பதைக் குறைத்துக்கொண்டேன். பயம்தான் காரணம், வேறொன்றும் இல்லை.

7. மூன்றாம் தேதி அழைத்தவர் சரக்கு வாகன ஓட்டுநர். சலவை செய்த சட்டை, கையில் பழங்கள் நிறைந்த பை. மூன்று மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இடதுபுற வீடு. நான் எதிர் வீட்டுப் பக்கம் திரும்பியதும் அவர் கைப்பேசியை என் முகத்துக்கு நேராக நீட்டினார். அதில் என் முகம் இருந்தது. "இது நீங்கதானே? ஆதாரம் கேக்க மாட்டோம்னு நீங்கதானே போட்டிருக்கீங்க? எங்கம்மா உள்ள தனியா இருக்காங்க. காது கேக்காது. விழுந்து கிழுந்து கிடக்காங்களோன்னு நான் பதறிக்கிட்டு நிக்கிறேன், நீங்க ஊரை எழுப்பி விசாரிக்கப் போறீங்களா?" என்றார். என் கன்னத்தில் விழுந்த அறை நினைவுக்கு வந்தது. எதிர் வீட்டை நான் தட்டவில்லை. பையைத் திறந்தேன். பூட்டு நான்கு நிமிடத்தில் திறந்தது.

8. உள்ளே காது கேளாத தாய் எவரும் இல்லை. எட்டு மாதங்களுக்கு முன் அவரை விட்டுப் பிரிந்து வந்து, பள்ளிச் சீருடைகள் தைத்துப் பிழைக்கும் அவருடைய மனைவி இருந்தார். தையல் இயந்திரத்தை இழுத்துக் கதவுக்கு முட்டுக்கொடுக்கும் முயற்சியில் பாதி வழியில் நின்றிருந்தார். அந்த மனிதர் என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு நுழைந்தார். போகிற போக்கில் திறந்திருந்த என் பையிலிருந்து அரைக்கிலோ சுத்தியலை எடுத்துக்கொண்டார். முதல் அடி தாடையில். அந்தச் சத்தத்தை நான் மனுவில் விவரிக்க விரும்பவில்லை. இரண்டாவது தோளில். மூன்றாவது ஓங்கும்போது அந்தப் பெண் துணி வெட்டும் கத்தரிக்கோலை அவர் தொடையில் கைப்பிடி வரை இறக்கினார். அதற்காக அந்தப் பெண்ணை நான் குறை சொல்லமாட்டேன். நான் பின்னால் இருந்து அந்த மனிதரின் கழுத்தைக் கட்டிப் பிடித்தேன். அவர் என்னை வாசல்வரை இழுத்து வந்து, என் வலது கையை நிலைச்சட்டத்தில் வைத்து அழுத்தி, நான் திறந்து கொடுத்த கதவையே மூன்று முறை அறைந்து சாத்தினார். பிறகு மீண்டும் உள்ளே போனார். எதிர் வீட்டில் இரவுப் பணி முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த செவிலியர் ஓடிவந்து, ஒரு மர நாற்காலியை அவர் முதுகில் உடைத்தார். நாற்காலி இரண்டாக உடைந்த பிறகு கையில் மிஞ்சிய காலாலும் அடித்தார். அவர் வராவிட்டால் இது கொலை வழக்கு. அவரே என் விரல்களுக்குத் துணி சுற்றிக்கொண்டு, "ஒரு தட்டு தட்டியிருந்தா நான் சொல்லியிருப்பேனே. அந்தாளு இங்க வரக்கூடாதுன்னு இந்தக் கட்டடத்துல எல்லாருக்கும் தெரியும்" என்றார்.

9. பதினைந்தாம் நாள் கட்டோடு 'முதல் பக்கம்' அவர்களின் அறைக்குச் சென்றேன். மருந்துக்கடைக்கு மேலே, நான்கு திரைகளும் ஒரு மின்விசிறியும் உள்ள அறை. எல்லாப் பக்கங்களையும் எடுக்கச் சொன்னேன். அவர் திரையை என் பக்கம் திருப்பி, "அண்ணே, இந்த விஷயம் செய்தியில வந்ததிலேர்ந்து உங்க கடையைத் தேடுறவங்க ஏழு மடங்கு ஆயிட்டாங்க. இப்ப போய் எடுக்கச் சொல்றீங்களே" என்றார். "சுத்தியல் தாக்குதல்: கதவைத் திறந்த பூட்டுக்காரர் யார்?" என்ற தலைப்பில் அவரே ஒரு புதுப் பக்கம் போட்டிருந்தார். அதன் அடியில் என் தொலைபேசி எண்ணும் அந்தப் பெண்ணின் வீட்டு வாசல் படமும் இருந்தன. அவருடைய எதிர்ப் புகாரில் நான் அவரை மூன்று முறை அறைந்ததாகக் கண்டுள்ளது. அது தவறு. இரண்டு முறைதான் அறைந்தேன். மூன்றாவது திரைமேல் விழுந்தது. இடது கை எனக்கு இன்னும் சரியாகப் பழகவில்லை.

10. அதன் பிறகு, முன்பு சில கிளைகளில் மட்டும் செய்ததுபோல, எல்லாப் பக்கங்களிலும் எண்கள் மாற்றப்பட்டுவிட்டன. இப்போது அழைத்தால் மணி என் கடையில் அடிப்பதில்லை. எங்கே அடிக்கிறது என்று அறிய, சென்ற வெள்ளிக்கிழமை பட்டப்பகலில், மனைவியின் கைப்பேசியிலிருந்து அழைத்தேன். என் பெயரைச் சொல்லிக்கொண்டு வேறொரு குரல் பேசியது. நான், "பெண்டாட்டி உள்ள பூட்டிக்கிட்டு வரமாட்டேங்கிறா, திறக்கணும், ஆதாரம் எதுவும் இல்லை" என்றேன். அந்தக் குரல், "அதெல்லாம் எங்களுக்கு எதுக்கு சார்? தெருப் பேரை மட்டும் சொல்லுங்க" என்றது. என் கடையின் தெருவைச் சொன்னேன். கடையை அடைத்துவிட்டு நானும் மனைவியும் எதிரே நின்றோம். ஒன்பது நிமிடத்தில் துளைக்கும் கருவியோடு ஒருவர் இருசக்கர வாகனத்தில் வந்தார். "இதுவா சார்?" என்றார். ஆமாம் என்றேன். பெண்டாட்டி எங்கே என்றுகூடக் கேட்கவில்லை. கட்டுப் போட்ட என் கையைப் பார்த்தார், தலைக்கு மேல் என் முகம் போட்ட பலகையைப் பார்க்கவில்லை. என் கடையின் இரும்புக் கதவை எனக்கே துளைத்துத் திறந்து கொடுத்துவிட்டுப் போனார். மனைவி அன்றிரவு சாப்பிடவில்லை.

11. இதனால் யாருக்கு என்ன ஆபத்து என்று தாங்கள் கேட்கலாம். அந்த ஓட்டுநர் இப்போது பிணையில் வெளியே இருக்கிறார். "வெளியே பூட்டியிருந்த என் மனைவி வீட்டைத் திறந்து உள்ளே போனேன். அவள் உள்ளே இருந்ததே தெரியாது. அவள்தான் கத்தரிக்கோலை வீசினாள். தற்காப்புக்காக அடித்தேன்" என்பது அவர் தரப்பு. அது நம்பப்பட்டது. தையற்காரப் பெண் வேறு தெருவுக்குக் குடிபெயர்ந்துவிட்டார். எந்தத் தெரு என்பதை நான் எழுதமாட்டேன். ஆனால் அந்தத் தெருவுக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. "ஆதாரம் கேட்காமல்" என்றே இருக்கிறது. அந்த ஓட்டுநர் கண்டுபிடிக்க வேண்டியது தெருவை மட்டும். மற்றதெல்லாம் தயாராக இருக்கிறது.

12. இதுவரை மனைவி எழுதினார். இனி வருவதை என் இடது கையால் எழுதுகிறேன். கோணல் எழுத்தைத் தாங்கள் சற்றுப் பொறுத்துப் படிக்க வேண்டும். இதை அவர் கையால் எழுத வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஏழாம் பத்தியில் ஒன்றை விட்டுவிட்டேன். வாக்குமூலத்திலும் விட்டுவிட்டேன். அது இருபக்கமும் சாவி போடும் பழைய பூட்டு. என் கம்பியை நுழைத்ததும் முனை எதிலோ முட்டியது. உள்பக்கமிருந்து சாவி போடப்பட்டிருந்தது. உள்ளே ஆள் இருந்து பூட்டிக்கொண்டால்தான் அப்படி இருக்கும். தாய் உள்ளே இருப்பதாக அவர் சொல்லியிருந்ததால் அதில் வியப்பில்லை. வழக்கப்படி கம்பியால் சாவியை நேராக்கித் தள்ளினேன். தள்ள முடியவில்லை. உள்ளிருந்து யாரோ அதைப் பிடித்திருந்தார்கள். காது கேளாத ஒருவர், விழுந்து கிடக்கும் ஒருவர், சாவியைப் பிடித்துக்கொண்டு நிற்க மாட்டார். இருபத்தாறு ஆண்டு வேலை பார்த்த கைக்கு இது தெரியும். கம்பியின் நுனியில் இன்னொருவரின் விரல் நடுங்குவது எனக்குத் தெரிந்தது. நான் இன்னும் பலமாகத் தள்ளினேன். சாவி உள்ளே தரையில் விழுந்தது. அந்தச் சத்தம் தெளிவாகக் கேட்டது. அப்போதும் நிறுத்தியிருக்கலாம். பாதி திறந்த பூட்டை விட்டுவிட்டு எழுந்து எனக்குப் பழக்கமில்லை. திறந்தேன். கதவு விலகியதும் காலடியில் சாவி கிடந்தது. தரையில் சாவி கிடந்தால் குனிந்து எடுப்பது என் தொழிலில் ஊறிப்போன புத்தி. குனிந்தேன். நான் குனிந்த அந்த நேரத்தில்தான் அவர் என்னைத் தாண்டிப் போனார். குனியாமல் நின்றிருந்தால் வாசலை அடைத்திருப்பேன்.

சாவி என் சட்டைப்பையில் இருந்தது. மருத்துவமனையில் சட்டையை வெட்டி எடுத்தபோது மனைவி அதைப் பார்த்து, "இது எந்தப் பூட்டோட சாவி?" என்று கேட்டார். "ஏதோ பழசு" என்றேன். நாற்பது நாட்களாக அது வீட்டில் என்னிடம்தான் இருக்கிறது. அது இல்லாததால்தான் வீடு வெளியே பூட்டியிருந்தது என்ற அந்த மனிதரின் கதை நிற்கிறது. அதைக் கொடுத்தால் என் கதை விழும் என்பதால் நான் கொடுக்கவில்லை.

நேற்று அந்தப் பெண்ணைப் பார்க்கச் சென்றேன். தாடையில் கம்பி கட்டியிருப்பதால் வாயைத் திறக்காமல், பல்லிடுக்கில் மெல்லப் பேசினார். மன்னிப்புக் கேட்கலாம் என்று போனேன், கேட்கத் தெரியவில்லை. அவரே பேசினார். "கம்பி உள்ள வந்ததும் நான் சாவியைப் பிடிச்சுக்கிட்டேண்ணா. வெளிய இருக்கிறது வேலை தெரிஞ்ச ஆளு, உள்ள ஆள் இருக்குன்னு புரிஞ்சதும் நிறுத்திடுவாருன்னு நெனைச்சேன். வெளிய அந்தாளு குரலும் கேட்டுச்சு, கத்தினா அவனுக்கு நான் இருக்கிறது தெரிஞ்சிடும்னு கத்தலை. உங்களுக்கு மட்டும் தெரியட்டும்னுதான் இறுக்கிப் பிடிச்சேன்."

ஆகவே நான் வேண்டுவது:

அ) இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்களையும், சம்பவத்தை வைத்துப் போடப்பட்ட புதுப் பக்கத்தையும் இன்றே நீக்க வேண்டும். நாளை என்பது அந்தப் பெண்ணுக்கு மிகத் தாமதமாகலாம். அவற்றில் உள்ள எண்களை முடக்கி, அவை யாரிடம் அடிக்கின்றன என்று கண்டறிய வேண்டும்.

ஆ) இத்துடன் இணைத்துள்ள சாவியை வழக்கை விசாரிக்கும் உதவி ஆய்வாளரிடம் சேர்ப்பித்து, ஓட்டுநரின் பிணையை நீக்க ஆவன செய்ய வேண்டும். சாவியின் நுனியில் என் கம்பி பட்ட கீறல் இருக்கும். வேறு எந்தப் பூட்டுக்காரரைக் கேட்டாலும் அது உள்ளிருந்து பூட்டப்பட்ட கதவு என்று சொல்வார்.

இ) வழக்கில் என் பெயர் சாட்சிகள் வரிசையில் உள்ளது. அதை அங்கிருந்து எடுத்து, 'முதல் பக்கம்' அவர்களின் பெயரோடு எதிரிகள் வரிசையில் சேர்க்க வேண்டும். அவர் எழுதினார், நான் திறந்தேன்.

எப்போது அழைத்தாலும் வருவேன். கடை அடைத்துத்தான் இருக்கிறது.

இடம்: ஏழாம் எண் கடை
நாள்: இம்மாதம் பதின்மூன்றாம் தேதி

இப்படிக்கு,
பூட்டு, சாவி பழுது பார்ப்பவர்
(இடது கையால் இட்ட ஒப்பம்)

இணைப்பு: சாவி ஒன்று. போலிப் பக்கங்களின் நகல்கள். குறிப்பேடுகள் பதினொன்று, அவற்றில் மூன்றாம் தேதிக்குக் கையெழுத்து எதுவும் இல்லை.

சாட்சி: மேற்படியாரின் மனைவி. பன்னிரண்டாம் பத்தியையும் படித்தேன். சாவியை நானே உறையில் போட்டு ஒட்டினேன்.